உள்ளிருந்து போடும் தாழ்ப்பாள்

சித்தப்பா டீத் தம்ளரைக் கையில் பிடித்தபடி திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். முசிறிப் பக்கத்தில் இருக்கும் அவர் வீட்டின் பின்கட்டை மடிக்கணினியில் வரைந்து வைத்திருந்தேன். விரலை நகர்த்தினால் வீடு சுழன்றது. மேலே போனால் கூரை தெரிந்தது, கீழே இறங்கினால் அஸ்திவாரம் தெரிந்தது.

“ஏம்மா, ஒரு கக்கூஸ் கட்ட இத்தனை படமா? கொத்தனார் வந்து நாலு மூலைக்கும் கயித்தைக் கட்டினா வேலை ஆரம்பிச்சுடுமே.”

நியாயமான கேள்விதான். அவர் இதுவரை கட்டியதெல்லாம் கயிற்றில் ஆரம்பித்தவை, இன்றைக்கும் உறுதியாக நிற்பவை. அன்று இரண்டு டீ முடியும் வரை அவருக்குச் சொன்னதை இங்கே எழுதுகிறேன். இதே தேவை பல வீடுகளில் இருக்கிறது. கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு வாயைத் திறக்காமல் இருக்கிறார்கள்.

சித்தப்பாவின் மகள், என் தங்கச்சி, போன வருஷம் வண்டியிலிருந்து விழுந்தாள். முதுகுத்தண்டில் அடி. இடுப்புக்குக் கீழே அசைவும் இல்லை, உணர்ச்சியும் இல்லை. கைகள் இரண்டிலும் நல்ல வலு இருக்கிறது. மறுவாழ்வுப் பயிற்சி முடிந்து சித்திரையில் வீட்டுக்கு வருகிறாள். வீட்டில் என்னென்ன மாற்ற வேண்டும் என்று போனில் கேட்டேன். பெரிய பட்டியல் வரும் என்று நோட்டையும் எடுத்து வைத்திருந்தேன். அவள் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: “அக்கா, பாத்ரூம் கதவை உள்ளேருந்து நானே தாப்பா போடணும். வெளிய யாரும் காத்துக்கிட்டு நிக்கக் கூடாது.”

தாழ்ப்பாளை அவளே போட வேண்டுமென்றால் அவளே உள்ளே போக வேண்டும், திரும்ப வேண்டும், கழுவிக்கொள்ள வேண்டும், தண்ணீர் கைக்கெட்ட வேண்டும். விழுந்துவிட்டால் அவளே கூப்பிடவும் முடிய வேண்டும். இவற்றில் ஒன்று தவறினாலும் கதவுக்கு வெளியே சித்தி நின்றாக வேண்டும். அறைக்கான கணக்கு முழுவதையும் அந்த ஒரு வாக்கியத்திலிருந்துதான் எடுத்தேன்.

முதலில் வரைந்தது சுவரை இல்லை, அவள் நாற்காலியை. சுற்றுவளையத்தோடு சேர்த்து அகலம் 26 அங்குலம், கால்மிதியோடு நீளம் 42 அங்குலம். அந்த அளவில் ஒரு கட்டம் வரைந்து, அதைச் சுழற்றிப் பார்த்தால்தான் அறைக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்று தெரியும். சக்கர நாற்காலி நின்ற இடத்தில் முழுசாகத் திரும்ப ஐந்து அடி விட்டமுள்ள வட்டம் வேண்டும். கட்டட விதிகள் 1500 மில்லிமீட்டர் என்று சொல்வதும் இதைத்தான். கிராமத்தில் வழக்கமாகக் கட்டும் நாலுக்கு ஐந்தடிக் கழிவறையில் அந்த வட்டத்தைப் போட்டால் சுவரைத் துளைத்துக்கொண்டு வெளியே வருகிறது. சித்தப்பா அதைப் பார்த்ததும் தம்ளரைக் கீழே வைத்தார். வாயால் பத்துத் தடவை சொல்லியிருந்தாலும் அந்த ஒரு பார்வைக்கு ஈடாகாது. உள்ளளவு எட்டுக்கு எட்டு என்று அங்கேயே முடிவானது.

நான் பயன்படுத்துவது ஸ்கெட்ச்அப். 2000-இல் வந்த மென்பொருள், நடுவில் சில வருஷம் கூகுளிடம் இருந்தது, 2012 முதல் டிரிம்பிள் நிறுவனத்திடம் இருக்கிறது. இதன் எளிய வடிவத்தை இணையத்தில் காசில்லாமல் திறக்கலாம். முற்றிலும் இலவசமாக வேண்டுமென்றால் ஃப்ரீகேடும் பிளெண்டரும் இருக்கின்றன. எது என்பது பெரிய விஷயம் இல்லை. எதைத் திறந்தாலும் முதலில் ஒன்றைச் செய்யுங்கள். பார்வை உயரத்தை இறக்குங்கள். ஸ்கெட்ச்அப் தானாக வைத்திருக்கும் கண் மட்டம் நிற்கிற ஆளுடையது, ஐந்தரை அடி. அதை மூன்றடி எட்டங்குலமாக மாற்றி அறைக்குள் நடந்தேன். அதுவரை சரியாகத் தோன்றிய கண்ணாடி முகத்துக்கு எட்டாத உயரத்தில் இருந்தது. சோப்புத் தட்டு தலைக்கு மேலே. சுவிட்சைத் தொடத் தோளை உயர்த்த வேண்டும். நிற்கிறவர்கள் நிற்கிறவர்களுக்காகவே கட்டிக்கொண்டிருக்கிறோம், அது தெரியாமலே கட்டிக்கொண்டிருக்கிறோம் என்று அந்த நிமிஷத்தில் எனக்கு நெஞ்சில் தைத்தது.

இன்னொரு எச்சரிக்கை. கமோடு, வாஷ்பேசின் எல்லாம் ஆயத்த உருவங்களாக இணையத்தில் கொட்டிக் கிடக்கும். எடுத்து ஒட்டுவது சுலபம். அவை எந்த ஊர் அளவோ தெரியாது. நம் ஊர்க் கடையில் போய் நாடாவைப் பிடித்து அளந்து, அந்த அளவில் ஒரு பெட்டியாக வரைந்தாலே போதும். அழகாக இருக்காது, உண்மையாக இருக்கும்.

கதவுக்கு வருகிறேன். “மூணடி நிலை வச்சா தாராளமா போதுமே” என்றார் சித்தப்பா. மூன்றடி நிலையில் இரண்டு பக்கச் சட்டமும் போனால் 31 அங்குலம். திறந்த கதவின் கனம் அதில் ஒன்றரை அங்குலம் தின்னும். மீதியில் 26 அங்குல நாற்காலி நுழையும். ஆனால் வளையத்தைத் தள்ளும் கைவிரல் முட்டி இரண்டு பக்கமும் வெளியே நிற்கிறதே, அது சட்டத்தில் உரசித் தோல் உரியும். அதனால் மூன்றரை அடி நிலை. கதவு வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும். உள்பக்கமாகத் திறக்கிற கதவில், உள்ளே யாராவது விழுந்துவிட்டால் அவர் உடம்பே கதவை அடைத்துக்கொள்ளும். காப்பாற்ற வந்தவர் வெளியே நின்று தள்ளிக்கொண்டிருப்பார்.

அடுத்தது தரை. நம் குளியலறைகளில் தண்ணீர் வெளியே வராமலிருக்க வாசலில் இரண்டங்குலம் இறக்கி வைப்பது பழக்கம். நடக்கிறவருக்கு அது ஒரு படிகூட இல்லை. சக்கரத்துக்கு அது சுவர். அந்த இறக்கத்தை எடுத்துவிட்டு, வாசலோரம் முழு அகலத்துக்கும் ஒரு சிறு வாய்க்கால் வெட்டி, மேலே துளைத் தகடு போட்டால் தண்ணீர் அதில் இறங்கிவிடும். வாட்டம் ஒரே திசையில் இருக்க வேண்டும். நாலு பக்கத்திலிருந்தும் நடுவுக்கு வாட்டம் கொடுத்தால் நாற்காலியின் ஒரு சக்கரம் எப்போதும் அந்தரத்தில் நிற்கும், உட்கார்ந்திருப்பவர் ஆடிக்கொண்டே இருப்பார். எட்டடிக்கு ஒன்றரை அங்குலம் வாட்டம் போதும். தண்ணீர் ஓடும், நாற்காலி ஓடாது. ஓடு சொரசொரப்பாகவும் சிறியதாகவும் இருக்கட்டும், இணைப்புக் கோடுகள் கூடக்கூடப் பிடிப்பும் கூடும். ஆத்தங்குடிக் கல்லின் மேல் சித்திக்கு ஆசை. அதன் வழவழப்பு கூடத்துக்குத்தான் பொருந்தும்.

இதுவரை சொன்னதில் சண்டை எதுவும் இல்லை. இனிமேல்தான் இருக்கிறது.

காவிரியை ஒட்டிய ஊர். ஐப்பசி, கார்த்திகையில் தோண்டினால் சீக்கிரமே தண்ணீர் காட்டும். அங்கே குழி தோண்டிக் கழிவை இறக்கினால் அது நிலத்தடி நீரில் கலந்து கிணற்றுக்கே திரும்பி வரும். இந்தச் சிக்கலுக்கு முசிறியிலேயே வழி கண்டவர்கள் உண்டு. ஸ்கோப் என்ற தொண்டு நிறுவனத்தை நடத்தும் சுப்புராமன், மலம் தனி, சிறுநீர் தனி, கழுவும் தண்ணீர் தனி என்று பிரித்து வாங்கும் சூழல் கழிவறைகளை இந்தப் பகுதியில் பரப்பினார். 2021-இல் பத்மஸ்ரீ பெற்றவர். அவர்கள் முறையில் குழியே கிடையாது. தரைக்கு மேலே இரண்டு அறைகள் கட்டி, ஒன்றில் மலம் விழும், ஒவ்வொரு முறையும் மேலே ஒரு கை சாம்பல். அது நிரம்பியதும் மூடி ஆறப்போட்டு அடுத்த அறையைத் திறப்பது. நனையாமல் பல மாதம் கிடந்தால் காய்ந்து மட்கி எருவாகிவிடும். சிறுநீரைத் தண்ணீரில் கலந்து வாழைக்கு ஊற்றலாம். கழுவிய தண்ணீர் கல்வாழைப் பாத்திக்குப் போகும்.

மண்ணுக்கு இதைவிடப் பொருத்தமான முறை எனக்குத் தெரியாது. ஆனால் அந்த இரண்டு அறைகளும் தரைக்கு மேலே இருப்பதால் கழிவறைத் தரை இரண்டு, இரண்டரை அடி உயரத்துக்குப் போய்விடுகிறது. ஏறப் படிக்கட்டு. தங்கச்சிக்குப் படி ஆகாது. சாய்தளத்துக்கு ஒரு சுலபமான கணக்கு இருக்கிறது: ஓர் அங்குலம் ஏற ஓர் அடி நீளம். இரண்டரை அடி என்பது முப்பது அங்குலம், ஆகவே முப்பது அடி சாய்தளம். தோட்டத்தின் கோடியில் தனியாகக் கட்டப் போகும் ஒரு கழிவறைக்கு அதைவிட நீளமான பாதை!

“அப்ப செப்டிக் டேங்க்கே போட்டுடலாம்மா” என்றார் சித்தப்பா, களைப்போடு.

நான் வீட்டையே குறுக்காக வெட்டிக் காட்டினேன். மென்பொருளில் அது ஒரு சொடுக்குதான். ஒரு கத்தியால் கேக்கைப் பிளந்த மாதிரி வீடு பிளந்து, உள்ளே எது எந்த மட்டத்தில் இருக்கிறது என்று காட்டும். அவர் வீட்டுக்குப் பேஸ்மட்டம் இரண்டரை அடி, வெள்ளத்துக்குப் பயந்து தாத்தா காலத்தில் வைத்தது. பின்கட்டுச் சுவரை ஒட்டி, வீட்டுத் தரை மட்டத்திலேயே குளியலறைத் தரையை வைத்தால் அதற்கும் பூமிக்கும் நடுவே இரண்டரை அடி தானாகவே கிடைக்கிறது. தளத்தின் கனம் போக, அடியிலும் நாலங்குலம் உயர்த்திக் கட்டினாலும், எரு அறைக்கு ஒன்றே முக்கால் அடிக்குக் குறையாமல் இருக்கிறது. கூடத்திலிருந்து நேராக, ஒரே மட்டத்தில், படியே இல்லாமல் உள்ளே போய்விடலாம். சாய்தளம் எப்படியும் வீட்டு வாசலுக்கு ஒன்று கட்டியே ஆக வேண்டும், அவள் வேலைக்குப் போக வேண்டாமா? அந்த ஒரே சாய்தளம் இரண்டுக்கும் ஆகிவிடுகிறது. எரு அறைக் கதவுகள் வெளியே தோட்டத்தைப் பார்த்திருக்கும்.

தாளில் தரைப்படமாக வரைந்தபோது இது என் கண்ணிலேயே படவில்லை. இரண்டு வாரம் தோட்டத்துக் கோடியிலேயே இடம் தேடிக்கொண்டிருந்தேன். உயரத்தையும் சேர்த்துப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. முப்பரிமாணத்தில் வரையச் சொல்வதற்கு நான் காட்டும் முதல் காரணம் இதுதான்.

இதிலும் ஒரு முடிச்சு மிச்சம் இருந்தது. அந்த முறையில் மலம் ஒரு துளையில், கழுவுவது பின்னால் இன்னொரு கிண்ணத்தில். குந்தி உட்காருகிறவர் ஓரடி நகர்ந்து கழுவிக்கொள்வார். கால் அசையாதவர் எப்படி நகர்வார்? யோசித்தபோது, நகர வேண்டியது உடம்பு இல்லை, நாற்காலி என்று பட்டது. இருக்கையில் துளையுள்ள கமோடு நாற்காலி, பெரிய சக்கரத்தோடு, கையால் தள்ளிக்கொள்ளும் வகையில் கிடைக்கிறது. பீங்கானைத் தரையோடு தரையாகப் பதித்து, அதன் மேல் அந்த நாற்காலியை ஓட்டி நிறுத்தினால், வேலை முடிந்ததும் ஓரடி பின்னால் தள்ளிக் கழுவிக்கொள்ளலாம். முதுகுத்தண்டு அடிபட்டவர்கள் பலர் குழாய் வைத்துத்தான் சிறுநீர் எடுக்கிறார்கள், இவளும் அப்படியே. அதனால் சிறுநீரைத் தனியாகப் பிரிப்பது மற்றவர்களைவிட அவளுக்குச் சுலபம். இருக்கை உயரத்திலிருந்து விழுவது சிதறாமல் இருக்க அடியில் ஒரு புனல் வேண்டும். இருக்கைக்கு நல்ல மெத்தையும் வேண்டும். குடல் வேலைக்கு அவளுக்கு முக்கால் மணி நேரம்கூட ஆகலாம், உணர்ச்சியில்லாத தோல் கெட்டியான பிளாஸ்டிக்கில் அவ்வளவு நேரம் அழுந்தினால் புண்ணாகிவிடும். ஒருமுறை வந்த அழுத்தப் புண் ஆற மாதக் கணக்காகும்.

எல்லா ஊருக்கும் இந்த முறையைச் சொல்ல மாட்டேன். நீர்மட்டம் ஆழமாக இருக்கும் ஊரில் இரட்டை உறைக்குழிதான் எளிது. பிந்தேஷ்வர் பாதக் 1970-இல் தொடங்கிய சுலப் அமைப்பு நாடெங்கும் பரப்பிய முறை அது. சரிவு கூடிய கிராமத்துப் பீங்கானுக்கு ஒன்றரை, இரண்டு லிட்டர் ஊற்றினால் போதும். ஒரு குழி நிரம்பியதும் அடுத்ததுக்குத் திருப்பிவிட்டு, முதல் குழியை ஒன்றரை வருஷமாவது ஆறவிட வேண்டும். இரண்டு முறைக்கும் பொதுவாக எனக்கு ஒரு நிபந்தனை உண்டு. பச்சைக் கழிவை இன்னொரு மனிதர் கையால் அள்ளும்படி எந்த வடிவமைப்பும் இருக்கக் கூடாது. 2013-ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தடுக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் அது கூடாது. நம் வீட்டுப் பெண் யார் கையையும் எதிர்பார்க்காமல் இருப்பதற்காக இன்னொரு வீட்டுப் பிள்ளை தொட்டிக்குள் இறங்கினால் அதைத் தற்சார்பு என்று எப்படிச் சொல்வது?

இரண்டாவது டீ வந்தது. தண்ணீர்க் கணக்கைப் போட்டோம்.

ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். குளியலறைக் கூரை எட்டுச் சதுர மீட்டர். ஆண்டு மழையை 800 மில்லிமீட்டர் என்று வைத்து, அதில் ஐந்தில் ஒரு பங்கு வீணாகிறது என்றும் எடுத்துக்கொண்டால் 5,120 லிட்டர். அவளுக்கு நாளைக்கு 60 லிட்டர் என்றால் வருஷத்துக்கு 21,900. கால்வாசிகூட வரவில்லை. ‘மழைநீரிலேயே ஓடும் குளியலறை’ என்று படம் போட்டுக் காட்டுபவர்களிடம் இந்தக் கணக்கைக் கேளுங்கள். வீட்டுக் கூரையையும் சேர்த்தால் கதை மாறுகிறது: 70 சதுர மீட்டருக்கு 44,800 லிட்டர். மழைநீர் சேகரிப்பைத் தமிழ்நாடு 2003-லேயே கட்டாயமாக்கியதால் இந்த வீட்டில் குழாய்கள் ஏற்கெனவே இருக்கின்றன, தொட்டிதான் இல்லை. ஆனால் மழையில் பெரும்பங்கு இரண்டு மூன்று மாதத்தில் கொட்டித் தீர்த்துவிடும். 5,000 லிட்டர் தொட்டி வைத்தால் எண்பது நாள் தாங்கும். கோடைக்கு ஆழ்துளைக் கிணற்று இணைப்பு இருக்கத்தான் வேண்டும் என்று சித்தப்பாவிடம் மறைக்காமல் சொன்னேன். குளித்த தண்ணீர் பேஸ்மட்ட உயரத்திலிருந்து தானாக இறங்கி வாழைக்குப் போய்விடும், மோட்டார் வேண்டியதில்லை.

வெந்நீருக்குச் சூரிய அடுப்பு மாதிரி கூரைமேல் ஒரு ஹீட்டர். இங்கே மென்பொருள் இன்னொரு உதவி செய்தது. ஊரின் இடத்தையும் தேதியையும் நேரத்தையும் கொடுத்தால் நிழல் எங்கே விழும் என்று வரைந்து காட்டும். முசிறி ஏறத்தாழ 11 டிகிரி வடக்கில் இருக்கிறது. மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும். தென்கிழக்கில் நிற்கும் வேப்பமரத்தின் நிழல், வெந்நீர் மிகவும் தேவைப்படும் அதே மாதத்தில், காலை பத்து மணி வரை குளியலறைக் கூரை முழுக்கப் படர்ந்திருந்தது. சித்தப்பா மரத்தை வெட்டிவிடலாமா என்று கேட்டார். வேண்டாம், ஹீட்டரை வீட்டுக் கூரையின் மேற்குப் பக்கம் நகர்த்தினால் போதும் என்றேன். திரையில் நகர்த்தினோம், வெயில் விழுந்தது.

சூரிய வெந்நீரைப் பற்றி ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். அது 60 டிகிரியைச் சாதாரணமாகத் தொடும். அந்தச் சூட்டுத் தண்ணீர் சில விநாடிகளில் தோலை வேகவைத்துவிடும். நாம் ‘ஆ’ என்று காலை இழுத்துக்கொள்வோம். அவளுக்குக் கால் சுடுவதே தெரியாது. ஆகவே குழாய்க்கு முன்னால் சூட்டைத் தானே கலந்து 40 டிகிரி அளவில் நிறுத்தும் வால்வு கட்டாயம். வாஷ்பேசினுக்கு அடியில் முழங்கால் நுழையும் இடத்தில் வெந்நீர்க் குழாய் போனால் அதற்கு உறை சுற்ற வேண்டும். செலவு சுருக்கும்போது முதலில் வெட்டுபட்டுப் போவது இந்த இரண்டும்தான். வேறு எதை வேண்டுமானாலும் தள்ளிப்போடுங்கள், இவற்றைத் தள்ளாதீர்கள்.

கைப்பிடிக் கம்பிகளை வரைந்தபோது இன்னொரு தப்பு தெரிந்தது. சுவருக்குள் புதைக்கப்போகும் குழாய்களை நீலத்திலும் சிவப்பிலும் வரைந்திருந்தேன். கம்பியின் திருகாணி போக வேண்டிய இடத்திலேயே நீலக் கோடு ஓடியது. கட்டி முடித்த பிறகு துளைபோட்டிருந்தால் குழாய் உடைந்திருக்கும். வழக்கமாக அப்புறம் என்ன நடக்கும் என்றால், கம்பியை ‘கொஞ்சம் தள்ளி’ வைத்துவிடுவார்கள். கை எட்டாத கம்பி துண்டு காயப்போடத்தான் ஆகும். கம்பி தாங்க வேண்டியது ஒரு முழு ஆளின் எடை. ஹாலோ பிளாக் என்றால் அந்த இடத்துக் கற்களின் ஓட்டைகளைக் கான்கிரீட்டால் நிரப்பிவிட வேண்டும்.

திரையில் எல்லாம் முடிந்த பிறகு சித்தப்பாவை முற்றத்துக்குக் கூட்டிப்போனேன். எட்டுக்கு எட்டு சுண்ணாம்புக்கோடு போட்டோம். பீங்கானுக்கு ஒரு தாம்பாளம், பேசினுக்குச் செங்கல் அடுக்கு, கதவுக்கு ஒரு பலகை. தங்கச்சி ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து அதற்குள் நாற்காலியை ஓட்டிப் பார்த்தாள். அவசர மணிக்கயிறு சுவரில் எட்டும் உயரத்தில் இருந்தது. “நான் விழுந்தா தரையிலல்ல கிடப்பேன்?” என்றாள். கயிறு தரைக்கு நாலங்குலம் வரை நீண்டது. படம் எவ்வளவு நுணுக்கமாக இருந்தாலும் ஈரத்தில் வழுக்குவதையும் பயத்தையும் அது காட்டாது. அதை அந்த உடம்புக்கு உரியவர்தான் சொல்ல முடியும்.

கடைசியாகத் தாழ்ப்பாளுக்கு வந்தோம். கதவின் உள்பக்கம் நீளவாக்கில் ஒரு கம்பி, உட்கார்ந்தபடியே கதவை இழுத்துச் சாத்துவதற்கு. தாழ்ப்பாள் பக்கத்துச் சுவரில் ஒன்றரை அடி காலியாக விட்டேன், நாற்காலியை அங்கே ஒட்டி நிறுத்தினால்தான் கை நேராகப் போகும். உயரத்தை மட்டும் நான் எழுதவில்லை. அவள் சாய்ந்து கையை நீட்டிய இடத்தில் சித்தப்பா பலகையில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டார். அளந்தால் இரண்டடி பத்தங்குலம். ஆபத்தில் வெளியிலிருந்து ஒரு நாணயத்தால் திருகித் திறக்கிற வகைத் தாழ்ப்பாளாகப் பார்க்க வேண்டும் என்றேன். தங்கச்சி ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, “சரி, ஆனா தட்டிட்டுத்தான் திறக்கணும்” என்றாள். நோட்டில் அதையும் எழுதிக்கொண்டேன்.